எப்போது தின்னவில்லை என்ற கேள்வி

மெஹ்ஜபீன் மேடம் இறந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. நாற்பதாம் நாள் ஓதலுக்குப் போயிருந்தேன். வந்தவர்களிடம் அவருடைய வீட்டார் "மாட்டு டாக்டரா இருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் டாக்டர் இல்லை. லேப் டெக்னீஷியன். இருபத்து மூன்று வருடம் அவர் பார்த்த வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்.

வேங்கிக்காலைத் தாண்டி ஒரு பால் நிறுவனம் நடத்திய சின்ன ஆய்வுக்கூடம் அது. ஒரு டாக்டர், மேடம், உதவியாளனாக நான். சுற்று வட்டாரத்தில் மாடு படுத்தால் சாணி, ரத்தம், பால் எல்லாம் எங்களிடம் வரும். நான் விலங்கியல் முடித்துவிட்டுச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே ஏழு வருட அனுபவசாலி. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். கடைசி வரைக்கும் என்னை "பலராமன், நீங்க" என்றுதான் கூப்பிட்டார்.

அவருடைய அப்பா சாந்த் பாஷா தேரடிப் பக்கம் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். மூன்று பெண்களில் மேடம் மூத்தவர். நுண்ணுயிரியல் படிக்க மூன்று வருடம் பஸ்ஸில் வேலூர் போய் வந்தார். படிப்பு முடிந்து கிடைத்த வேலை சாணி சோதிப்பது என்று தெரிந்ததும் தங்கைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "எங்க ஆபா சாணியப் பாத்தே ஜாதகம் சொல்லுவாங்க" என்று கல்யாணப் பந்தியில் ஒரு தங்கை சொன்னதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அது ஓரளவு உண்மைதான். பாட்டிலைத் திறக்கும்போதே, இது தீவனக் கோளாறு, இது புழு, இது கிருமி என்று வாடையை வைத்துச் சொல்லிவிடுவார். ஆனால் எழுத மாட்டார். வளர்ப்புத் தட்டில் கிருமி வளர்ந்த பிறகுதான் எழுதுவார்.

அவர் எவ்வளவு திறமையானவர் என்று காட்ட நிறைய கேஸ் இருக்கிறது. நான் எழுத நினைப்பது அவர் தவறவிட்ட ஒன்றைப் பற்றி.

அடி அண்ணாமலையில் காசியம்மாள் என்று ஒருவர். அறுபது வயதிருக்கும். புருஷன் இல்லை, மகன் ஓசூரில். இரண்டு மாடுகள், ராசாத்தி, சின்னி. பௌர்ணமிதோறும் ராசாத்தியைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கிரிவலப் பாதையில் ஒரு வேப்பமரத்தடியில் கட்டுவார். பக்கத்தில் அகத்திக்கீரைக் கட்டுகள். மலை சுற்றுகிறவர்கள் கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுப்பார்கள். பால் வருமானத்தைவிட அந்த ஒரு நாள்தான் அவருக்கு முக்கியம். ஒரு பௌர்ணமி வராமல் விட்டால் அந்த மரத்தடியில் வேறு மாடு நிற்கும். பிறகு அந்த இடம் கிடைக்காது.

அந்த வருடம் தைப் பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள் ராசாத்தி தீவனத்தைத் தொடவில்லை. நூற்றாறு டிகிரி காய்ச்சல். சாணி தண்ணீராகப் போனது. மறுநாள் அதில் ரத்தமும், தோல் உரித்தது போல வெள்ளை நார்களும் வந்தன. ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் மாடு செத்தது. ராசாத்தி எதனால் செத்தாள் என்று தெரிந்தாக வேண்டும் என்று காசியம்மாளே அறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். வாசலில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் அறுத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேடம் சிறுகுடலின் கடைசி முழத்தைக் கேட்டு வாங்கி, நீளவாக்கில் பிளந்து, தண்ணீரில் அலசினார். சாதாரணமாக உள்பக்கம் ஈரமான வெல்வெட் துணி போல இருக்கும். அன்று சிவந்து, தடித்து, அங்கங்கே சாம்பல் நிற ஏடு படிந்திருந்தது. ஏட்டை எடுத்தால் அடியில் ரணம். "இங்கதான் ஏறுச்சு" என்றார்.

அவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சால்மொனெல்லா என்ற கிருமி வாய் வழியாகத்தான் உள்ளே வருகிறது. சாணி பட்ட தீவனம், சாணி பட்ட தண்ணீர். வயிறுகளைத் தாண்டித் தப்பித்தவை சிறுகுடலின் கடைசிக்கு வந்து சேரும். அங்கே உட்சுவரில் திட்டுத் திட்டாகச் சில இடங்கள் உண்டு. குடலில் போவதில் கொஞ்சம் மாதிரி எடுத்து, பின்னால் இருக்கும் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுவது அந்த இடத்துச் செல்களின் வேலை. சோதனைச் சாவடி மாதிரி. சால்மொனெல்லா அந்தச் சாவடியைத்தான் அதிகம் நாடுகிறது. அதன் உடம்பில் ஊசி போன்ற மிக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. அவற்றைச் செல்லின் மேல் வைத்து, தன்னிடமுள்ள சில புரதங்களைச் செலுத்துகிறது. உடனே செல்லின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக எழும்பி, கிருமியைச் சுற்றி வளைத்து, தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

"ஒடச்சிக்கிட்டு வரதில்லைங்க பலராமன். வீட்டுக்காரங்களே கையப் புடிச்சி கூட்டிட்டுப் போறாங்க."

உள்ளே போனது ஒரு பைக்குள் அமர்ந்து பெருகும். உடம்பு வெள்ளை அணுக்களை அங்கே கொண்டுவந்து குவிக்கும். அந்தச் சண்டையில்தான் சுவர் உரிகிறது, நீர் கசிகிறது, ரத்தம் வருகிறது. குடலில் காலங்காலமாக இருக்கும் மற்றக் கிருமிகள் அந்த அழற்சியில் வாடிப்போகும். சால்மொனெல்லா மட்டும் அதிலேயே செழிக்கும். நாங்கள் பார்த்த ரணத்தில் பாதி மாட்டின் உடம்பு தனக்குத் தானே செய்துகொண்டது.

ராசாத்தியின் குடலிலும் சாணியிலும் அந்தக் கிருமி வளர்ந்தது. சிவப்புத் தட்டில், நடுவில் கறுப்பு வைத்த புள்ளிகள். அதில் சந்தேகம் இல்லை. வழக்கமாக இதோடு கேஸ் முடிந்துவிடும். ஆனால் மேடம் சின்னியின் சாணியையும் எடுத்து வந்திருந்தார். அந்தத் தட்டிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கம்மி, பத்துப் பதினைந்துதான். ஆனால் இருந்தன.

சின்னிக்கோ காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை. ஏழு மாதச் சினை. நன்றாக அசைபோட்டுக்கொண்டு நின்றாள். ஒரே கொட்டகை, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே கிருமி. ஒன்று செத்தது, ஒன்று நிற்கிறது.

மாசிப் பௌர்ணமிக்கு ராசாத்தியின் இடத்தில் சின்னியைக் கட்டப்போவதாகக் காசியம்மாள் சொல்லிவிட்டார். மேடத்தின் கவலை அதுதான். ராசாத்தி படுத்தது பாதையில் நின்று வந்த பிறகு. அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் சின்னியும் போய் நின்றால், மாட்டோடு வயிற்றுக் கன்றும் போகும். சினை மாட்டில் இந்தக் கிருமி ரத்தத்தில் ஏறினால் முதலில் கன்று விழும்.

மூன்று வாரம் இருந்தது. அவர் எங்கள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். யாரோ எப்போதோ அச்சடித்த படிவம் அது. கடைசியாகக் கொடுத்த தீவனம் என்ன, தண்ணீர் எங்கிருந்து, புதிதாக மாடு வாங்கினீர்களா என்று பன்னிரண்டு கேள்விகள். காசியம்மாள் எல்லாவற்றுக்கும் உண்மையாகவே பதில் சொல்லியிருந்தார். தீவனம், அகத்திக்கீரை. ஆகவே கீரை மேல் சந்தேகம் போனது. கீரை கொண்டுவந்து போடும் கஸ்தூரியிடம் வாங்கிச் சோதித்தோம். ஒன்றும் இல்லை. ஆனால் சோதித்த சேதி ஊரில் பரவி, காசியம்மாளும் கஸ்தூரியும் நடுத்தெருவில் சண்டை போட்டுக்கொண்டார்கள். "என் கீரையில வெஷமா? உன் நாக்குலதாண்டி வெஷம்" என்று கஸ்தூரி கேட்டதாகவும், அதற்குக் காசியம்மாள் சொன்ன பதில் எழுதத் தகுந்ததல்ல என்றும் கேள்விப்பட்டோம். மேடம் அதற்காக வருந்தினார். நேரில் போய்க் கஸ்தூரியிடம், உங்கள் கீரை சுத்தமானது என்று சொல்லிவிட்டு வந்தார். அது மட்டும்தான் அந்த மூன்று வாரத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

அன்னதானச் சோறா என்று பார்த்தார். காசியம்மாள் தன் மாட்டுக்கு யாரையும் சோறு போட விட மாட்டார். பாதையில் வைத்த தண்ணீர் வாளியா என்று பார்த்தார். வாளி வீட்டிலிருந்து போனது. கூட்டமும் வெயிலும் மாட்டுக்கு அலுப்புத் தரும் என்பது உண்மை. ஆனால் ராசாத்தி ஒன்பது வருடமாக அதே கூட்டத்தில் நின்றவள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை பதினோரு மணிக்கு மேடமும் நானும் அடி அண்ணாமலை போனோம். சின்னியின் சாணி எடுப்பது ஒரு சாக்கு. இந்த ஒரு மாதம் சின்னியைக் கொண்டுபோக வேண்டாம் என்று கடைசியாகக் கேட்டுப் பார்க்கத்தான் போனோம். அப்போது ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது.

காசியம்மாள் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு டீ போட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் அடுப்படியிலிருந்தே வந்தது. கொண்டுபோகாமல் இருக்க முடியாது. கன்று போடும் வரைக்கும் பாலும் இல்லை. இடமும் போய்விட்டால் அப்புறம் மாடு எதற்கு.

டீ இரண்டு டம்ளர் வந்தது. மேடம் தன் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏன் பாயம்மா, எங்க வூட்டு டீ குடிக்க மாட்டீங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லைங்க. நோன்பு. பொழுது சாஞ்சாதான் தண்ணியே."

காசியம்மாளுக்கு அது பிடித்துவிட்டது. முகம் மாறியது. கொட்டகைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்.

"அப்ப நீங்களும் சின்னியும் ஜோடி. இன்னிக்கு மதியத்திலேர்ந்து அவளுக்கும் நோன்புதான்."

மேடம் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மூடினார். என்ன சொல்கிறீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். காசியம்மாள் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. பௌர்ணமிக்கு முதல் நாள் மதியத்தோடு வைக்கோல், தவிடு எல்லாம் நிறுத்திவிடுவது. மறுநாள் சாயங்காலம் பாதையில் நிற்கும் வரைக்கும் வெறும் தண்ணீர். அந்தப் பாதையில் மாடு கட்டும் எல்லோரும் செய்வதுதான்.

"வயிறு ரொம்புன மாடு யார் கையிலயாவது வாங்குமா? மூஞ்சியத் திருப்பிக்கும். எங்கேர்ந்தோ வராங்க. புள்ளைக்குச் சீக்கு, பொண்ணுக்குக் கல்யாணம் ஆவல, என்னென்னவோ நெனச்சிக்கிட்டு ஒரு கட்டு வாங்கி நீட்டறாங்க. மாடு மூஞ்சியத் திருப்பிக்கிச்சுன்னா அவங்க மனசு என்னாவறது? நான் பாத்திருக்கேன். ஒரு பொண்ணு அங்கியே உக்காந்து அழுதுச்சு."

ராசாத்தி பாதையில் நின்றதால் மாதம் ஒரு முறை பட்டினி கிடந்தாள். சின்னி கொட்டகையில் நின்றதால் நாள் தவறாமல் வைக்கோல் தின்றாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தினமும் தின்னும் மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய புளிப்புத் தொட்டி. வைக்கோலைச் செரிக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே வாழ்கின்றன. அவை உண்டாக்கும் அமிலங்களில் சால்மொனெல்லா பெரும்பாலும் செத்துப்போகும். ஒரு நாள் முழுக்கத் தீவனம் விழாவிட்டால் அமிலம் குறையும், புளிப்பு இறங்கும், குடியிருந்தவை சோர்ந்துபோகும். அப்போது உள்ளே வரும் பத்துக் கிருமியும் சாகாது. பட்டினிக்குப் பிறகு கட்டுக் கட்டாகப் பச்சைத் தீவனம் விழும்போது, ஏற்கெனவே இருப்பவை தலைதூக்குவதற்குள் சால்மொனெல்லா பல மடங்கு பெருகிவிடும். பிறகு கூட்டமாகக் குடலுக்கு இறங்கும். ஒன்பது வருடம் ராசாத்தி தப்பித்தது கொட்டகைக்குள் அந்தக் கிருமி வராததால். ஒரு தையில் அது வந்திருந்தது.

பைக்கில் ஏறும் முன் மேடம் என்னிடம் சொன்னார். "இத்தன வருஷமா என்ன தின்னுச்சுன்னுதான் கேட்டிருக்கேன். எப்ப தின்னலன்னு ஒருத்தரையும் கேக்கல." குரலில் வருத்தமெல்லாம் தெரியவில்லை. கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். படிவத்தில் பதின்மூன்றாவது கேள்வியை அன்று மாலையே கையால் எழுதிச் சேர்த்தார். இன்றைக்கும் அது அவர் கையெழுத்திலேயே நகல் எடுக்கப்படுகிறது.

ஆனால் அதற்கு முன் காசியம்மாளைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. அது சுலபமாக இல்லை. பட்டினி போட்டுக் கொன்றுவிட்டேன் என்கிறீர்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மேடம் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கிருமி இல்லாமல் பட்டினி கொல்லாது, பட்டினி இல்லாமல் அந்தக் கிருமி ஜெயித்திருக்காது, இரண்டும் சேர்ந்தது என்றார். சின்னிக்கு இன்று மதியமும் நாளைக் காலையும் வைக்கோல் போடுங்கள், பாதையில் நிற்கும்போதும் முன்னால் கொஞ்சம் வைக்கோல் கிடக்கட்டும் என்றார். கன்று போட்ட பிறகு பாலைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், சாணி அள்ளினால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இந்தக் கிருமி மனுஷனுக்கும் வரும் என்றும் சொன்னார்.

"வயிறு ரொம்பி நின்னா மூஞ்சியத் திருப்பிக்குவா."

"திருப்பிக்கட்டும்."

"வரவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களா வந்து சொல்லப்போறீங்க?"

மறுநாள் மேடம் போனார். மதியம் மூன்று மணிக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். சின்னி மரத்தடியில் நின்றாள். முன்னால் வைக்கோல் கிடந்தது. காசியம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுக் கீரைக் கட்டுகளை அடுக்கினார்.

முதல் ஏழெட்டுக் கட்டுகளைச் சின்னி வாங்கித் தின்றாள். பிறகு வேகம் குறைந்தது. நான்கரை மணிவாக்கில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி ஒரு கட்டு வாங்கினார்கள். கணவர் பெயர் பிரசாத். அவர் நீட்டினார். சின்னி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அந்தப் பக்கம் போய் நீட்டினார். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் மனைவியின் முகம் சுருங்கிப்போனது. பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசியம்மாள் மேடத்தைப் பார்த்தார். அமிலத்தைப் பற்றி அவர்களிடம் பேச முடியாது.

காசியம்மாள்தான் பேசினார். "சினை மாடும்மா. இப்ப வயிறு ரொம்பிடுச்சு. பேரும் நட்சத்திரமும் சொல்லிட்டுப் போங்க. காத்தால பசிச்சித் தின்னும்போது உங்க பேர் சொல்லிப் போடறேன். வேணாங்கறது இல்ல, நாளைக்குங்கறா."

அந்தப் பெண் யோசித்தார். "மறந்துட மாட்டீங்களே?"

காசியம்மாள் மறந்துதான் போவார், அவருக்கு எழுதவும் தெரியாது. மேடம் கைப்பையைத் திறந்து, மாதிரி பாட்டில்களில் ஒட்டும் வெள்ளைச் சீட்டுகளை எடுத்தார். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். ரோகிணி என்றார்கள். எழுதி, கட்டின் காம்பில் சுற்றி ஒட்டினார். முக்காடு போட்ட ஒரு பெண் நட்சத்திரம் எழுதுவதை பிரசாத்தின் மனைவி ஒரு கணம் பார்த்தார். பிறகு மகள் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

அதற்குப் பிறகு சின்னி தின்றால் தின்றாள், திருப்பிக்கொண்டால் சீட்டு. சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பக்கத்து மாட்டுக்குப் போனார்கள். சிலர் மாடு தின்ன வந்தபோதும் வேண்டாம், பேர் எழுதிக் காலையிலேயே போடுங்கள் என்றார்கள். ஆறரை மணிவாக்கில் பொழுது சாய்ந்ததும் மேடம் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, காசியம்மாள் செம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். ஏழு மணிக்கு நாங்கள் கிளம்பும்போது முப்பத்தொரு கட்டுகள் ஓரமாக இருந்தன. வழக்கமாக விற்பதில் பாதி விற்றிருக்கும் என்று காசியம்மாள் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, சேதியாகச் சொன்னார்.

மறுநாள் காலை மேடம் சாணி எடுக்கப் போனபோது, சீட்டுகளைப் படித்துக் காட்டச் சொல்லிக் காசியம்மாள் காத்திருந்தார். மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். பிரசாத், ரோகிணி. அன்புச்செல்வி, பூரம், கீழ்பென்னாத்தூர். காசியம்மாள் பெயரைத் திரும்பச் சொல்லிக் கீரையை நீட்ட, சின்னி தின்றாள். எல்லாவற்றையும் ஒரே வேளையில் போடக் கூடாது என்று மேடம் சொன்னதால் பாதி மதியத்துக்கு நின்றது. அதற்குள் எந்தக் கட்டு யாருடையது என்று காசியம்மாள் மனப்பாடம் செய்துவிட்டார்.

மூன்றாம் நாள்தான் ராசாத்தி படுத்த நாள். அன்று காலை ஏழு மணிக்கு மேடம் காசியம்மாளுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்யவில்லை. வேலைக்கு வந்து, உட்காராமல், பழைய பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்குக் காசியம்மாளே கூப்பிட்டார். மேடம் போனை ஸ்பீக்கரில் வைத்தார், கை ஈரமாக இருந்ததால்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேம்மா. தின்னுறா. சாணி கெட்டியாத்தான் போட்டிருக்கா. ஒடம்பு சுடல, காதத் தொட்டுப் பாத்தேன்."

"சரிங்கம்மா. வைக்கோல் நிறுத்தாதீங்க."

"நிறுத்துவனா?" என்று கேட்டுவிட்டுக் காசியம்மாள் வைத்துவிட்டார்.

பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த சாணியின் தட்டு அன்றுதான் தயாரானது. மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டார். சிவப்புத் தட்டில் கறுப்பு வைத்த புள்ளிகள். எண்ணினேன். பதினொன்று. கிருமி சின்னியின் வயிற்றில் அப்படியேதான் இருந்தது. பெருகவும் இல்லை, போகவும் இல்லை. பலவீனமான ஒரு நாளுக்காக அது அங்கே காத்திருக்கும். கன்று போடும் வரைக்கும் மாதம் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று அவர் பதிவேட்டில் எழுதினார். பார்க்கவும் பார்த்தார். வைகாசியில் சின்னி கிடேரிக் கன்று போட்டாள். அதன் சாணியையும் எடுத்தார்.

அன்று அந்தத் தட்டை மூடும் முன் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இருக்கு, ஆனா உள்ள விடல" என்றார். பிறகு அதைக் கிருமி நீக்கும் கொதிகலத்துக்குள் வைத்துத் திருகி மூடிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.